இம்ப்ளான்ட் என்றாலே பயமா இருக்கு டாக்டர்: கதவருகே கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பல் மருத்துவராக இருக்கிறேன். இழந்த பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று சொன்னதும் "சரிங்க டாக்டர், வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போகிறவர்கள் நிறைய. செலவு ஒரு காரணம். ஆனால் கதவு வரை போய், கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பி, "ரொம்ப வலிக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்படிக் கதவருகே நின்று கேட்டவர்களின் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆற அமரப் படியுங்கள்.

எலும்புல ஓட்டை போட்டு ஸ்க்ரூ வைப்பாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். தாடை எலும்பில் சின்னதாகத் துளையிட்டு, டைட்டானியத் திருகு ஒன்றைப் பொருத்துகிறோம். எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு அதன் மேல் பல் வருகிறது. "ஸ்க்ரூ" என்று கேட்டதும் மர வேலைக்கான ஆணியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பொதுவாக வைக்கும் அளவு சுமார் 4 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் நீளம். ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நீங்கள் இழந்த கடைவாய்ப் பல்லின் வேரே பெரும்பாலும் இதைவிட நீளமாக இருந்திருக்கும்.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. 1952-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரேன்மார்க், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக அந்த முறையில் தாடையில் பொருத்தினார்கள். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கும் மேலாக, அவை அவர் வாயில் வேலை செய்தன. முதல் ஆளுக்கே இப்படி என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, வலிக்குமா வலிக்காதா? நேரா சொல்லுங்க.

வைக்கும்போது வலி இருக்காது. அழுத்தம் தெரியும், அதிர்வு தெரியும், சத்தம் கேட்கும். இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பாதிப் பயம் வருகிறது என்பது என் கணிப்பு.

மரத்துப்போக நாங்கள் போடும் மருந்து லிக்னோகெயின். 1943-ல் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கியது. அதுவும் ஸ்வீடன் கொடுத்த கொடைதான். இந்த மருந்து வலியைச் சுமக்கும் நரம்பிழைகளை அடைத்துவிடுகிறது. அழுத்தத்தைச் சொல்லும் இழைகள் தடிமனானவை. அவை முழுதாக அடங்குவதில்லை. அதனால் யாரோ தாடையில் கட்டை விரலை வைத்து அமுக்குவதுபோல் தெரியும். "ஐயோ, எனக்குத் தெரியுதே, மரத்துப்போகலையே!" என்று மனம் பதறுவது அந்த நேரத்தில்தான். தெரிவது வேறு, வலிப்பது வேறு. கூர்மையாகச் சுரீர் என்றால்தான் மருந்து போதவில்லை என்று அர்த்தம். அப்போது உடனே சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் போடுவோம். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் யாருக்கும் லாபமில்லை.

பல் பிடுங்கிய அனுபவம் இருந்தால் அதை நினைத்துப் பாருங்கள். முடிந்ததும் "பல்லு எடுத்ததைவிட இது பரவாயில்லையே" என்று சொல்பவர்கள்தான் என்னிடம் அதிகம்.

எனக்கு ஊசிதான் பயம். பார்த்தாலே மயக்கம் வருது.

அப்படியானால் பார்க்கவே வேண்டாம். முதலில் ஈறில் மரத்துப்போகும் ஜெல்லைப் பஞ்சில் தடவி ஓரிரு நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். ஊசியில் வலிப்பது பெரும்பாலும் ஊசி முனை அல்ல, மருந்து வேகமாக உள்ளே போவதால் சதை விரிவதுதான். மெதுவாகப் போட்டால் வலி வெகுவாகக் குறையும். "டாக்டர், மெதுவா போடுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. மேல் அண்ணத்தில் போடும் ஊசி மட்டும் கொஞ்சம் சுருக்கென்று தெரியும். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பத்து எண்ணி முடிப்பதற்குள் அடங்கிவிடும்.

ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். மருந்தோடு கலந்திருக்கும் துளி அட்ரினலினின் வேலை அது. ரத்தக் கசிவு குறையவும், மரப்பு நீண்ட நேரம் நிற்கவும் அதைச் சேர்க்கிறார்கள். சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். பல வருடங்களாக "எனக்குப் பல் ஊசி ஒத்துக்காது, அலர்ஜி" என்று நம்பிக்கொண்டிருக்கும் பலருக்கு நடந்தது இந்தப் படபடப்புதான். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் என்று முன்பு வந்திருந்தால் அது வேறு விஷயம். அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மயக்கம் வருகிறவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. ஊசியையோ ரத்தத்தையோ கண்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால்தான் தலை சுற்றுகிறது. அதனால் தளர்வாக இருப்பதற்கு நேர்மாறாக, கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடியுங்கள். முகம் கொஞ்சம் சூடாவது தெரியும்வரை, பத்துப் பதினைந்து நொடி. விட்டு, மறுபடி இறுக்குங்கள். வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டு வாருங்கள். அப்புறம், வெறும் வயிற்றோடு வராதீர்கள். "ஆபரேஷன்" என்று நினைத்துக் காலை டிபனை விட்டுவிட்டு வந்து சேரில் சாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தக் குழாய் வழியே மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும்தான் பட்டினி. அதை மருத்துவரே முன்னால் சொல்லிவிடுவார்.

உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கிறவரை என்னதான் நடக்கும்?

ஒரு இம்ப்ளான்ட் என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம். அதில் துளையிடும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதியெல்லாம் தயாராவதும், அளப்பதும், தைப்பதும்.

வாயைக் கிருமிநாசினியால் கொப்பளிக்கச் சொல்வோம். ஊசி. உதடு தடித்து, "என் உதடு எங்க?" என்று தோன்றும்வரை காத்திருப்போம். முகத்தின் மேல் பச்சைத் துணி ஒன்றைப் போர்த்துவோம்; வாய்ப் பகுதியில் மட்டும் திறப்பு இருக்கும். மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் கண்ணை மறைக்காமல் போடச் சொல்லலாம். ஈறில் ஒரு சின்னக் கீறல். பிறகு டிரில். சொத்தைப் பல்லில் வேலை செய்யும்போது வரும் கீச்சுக் குரல் இதில் இல்லை. இது மெதுவாகச் சுற்றும், தூரத்தில் மாவு அரைக்கும் சத்தம்போல "உர்ர்" என்று கேட்கும். எலும்பு வழியாக நேரே காதுக்கு வருவதால் பெரிதாகத் தோன்றும்; பக்கத்தில் நிற்கும் எனக்கு அவ்வளவு கேட்பதில்லை.

கூடவே குளிர்ந்த உப்பு நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸுக்கு ஏறி ஒரு நிமிடம் நின்றால் எலும்புச் செல்கள் பாதிக்கப்படும் என்பதால்தான் அந்தத் தண்ணீர். வாய் நிறைகிறதே, புரையேறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், உறிஞ்சும் குழாய் பக்கத்திலேயே இருக்கும். மூக்கால் மூச்சு விடுங்கள். மெல்லிய துளையில் தொடங்கிப் படிப்படியாக அகலமாக்குவோம். கடைசியில் திருகை முடுக்கும்போது "டிக், டிக்" என்று ஒரு சத்தமும் தாடையில் ஒரு இறுக்கமும் தெரியும். அவ்வளவுதான், முக்கிய வேலை முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். பிறகு தையல். நூல் கன்னத்தில் உரசுவது மட்டும் தெரியும்.

நடுவுல தாங்கலைன்னா?

இடது கையைத் தூக்குங்கள். நான் வலது பக்கம் நிற்பேன், என் மேல் படாது. கை எழுந்தால் கருவி வெளியே வந்துவிடும், காரணம் கேட்க மாட்டேன். ஒவ்வொரு துளைக்கும் இடையில் நிறுத்த முடியும். ஆரம்பிக்கும் முன் ஒருமுறை கையைத் தூக்கி ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் உண்மையாகவே நிறுத்துகிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் தோள் தானாக இறங்கிவிடும்.

என்னைத் தூங்க வச்சுட்டுச் செய்ய முடியாதா?

பல படிகள் இருக்கின்றன. முந்தைய இரவும் காலையிலும் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை. அடுத்தது நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் கலந்த வாயு. மூக்கில் சின்ன மாஸ்க் வைப்பார்கள், விழித்தே இருப்பீர்கள், ஆனால் எல்லாம் எட்ட நடப்பதுபோல் இருக்கும். 1844-லேயே ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்ஸைடை இழுத்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார். வாயுவை நிறுத்தி ஆக்ஸிஜன் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அதற்கும் மேல், ரத்தக் குழாய் வழியே மருந்து கொடுத்து அரைத் தூக்கத்தில் வைப்பது. இதற்கு மயக்க மருந்து நிபுணர் கூடவே இருக்க வேண்டும், நாடித்துடிப்பையும் ஆக்ஸிஜன் அளவையும் காட்டும் மானிட்டர் இருக்க வேண்டும். எல்லா ஊர் கிளினிக்கிலும் இந்த வசதி இருக்காது, முன்னாலேயே கேளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை மீந்திருக்கிறது என்று நீங்களாகப் போட்டுக்கொண்டு வராதீர்கள். மாத்திரையோ ரத்தக் குழாயில் போடும் ஊசியோ எடுத்த அன்று வண்டி ஓட்டவும் கூடாது.

மேல் பல்லுல கை வச்சா கண் பார்வை போயிடும்ங்கிறாங்களே?

போகாது. என் பாட்டி சாகும்வரை இதை நம்பினார், அதனால் மூன்று அழுகிய பல்லோடே காலத்தை ஓட்டினார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படும். பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறமிருந்து நேரே மூளைக்குப் போகிறது. மேல் பற்களுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. பல் விழும் வயதும் பார்வை மங்கும் வயதும் ஒன்றாக வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மேல் தாடையில் செய்தால் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கருநீலமாகக் கன்றலாம். ஒரு வாரம் பத்து நாளில் மறையும்.

நரம்புல பட்டு வாய் கோணிப் போயிடுமா?

முகத் தசைகளை அசைக்கும் நரம்பு நாங்கள் வேலை செய்யும் இடத்தில் இல்லை. கீழ்த் தாடைக்குள் ஓடுவது உணர்வு நரம்பு. அது பாதிக்கப்பட்டால் வாய் கோணாது. கீழ் உதடும் மோவாயும் மரத்தே இருக்கும். அரிதாக நடக்கக்கூடியதுதான், மறைக்கவில்லை. அதற்காகத்தான் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, நரம்பின் பாதையைத் திரையில் அளந்து, அதற்கு மேல் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் திட்டமிடுகிறோம். அந்தப் படத்தை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். கருப்பாக ஒரு குழாய்போல் ஓடும், எளிதில் புரியும்.

ஊசியின் மரப்பு வழக்கமாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் விடும். இரவு ஆகியும் உதடு உணர்வற்று இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் கவனித்தால் சரியாகும் வாய்ப்பு அதிகம்.

சர்க்கரை இருக்கு, ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடறேன். எனக்குச் செய்ய முடியுமா?

பெரும்பாலானவர்களுக்கு முடியும். சர்க்கரை இருப்பது தடையல்ல, கட்டுப்பாட்டில் இல்லாததுதான் தடை. மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். 10, 11 என்றால் முதலில் உங்கள் சர்க்கரை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், இம்ப்ளான்ட் காத்திருக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை ரத்தம் வருமே என்று பயந்து நீங்களே நிறுத்தாதீர்கள். வாயில் ரத்தம் வந்தால் பஞ்சை வைத்துக் கடித்தே நிறுத்திவிடலாம். இதயத்தில் அடைப்பு வந்தால் அப்படி முடியாது. எதை மாற்ற வேண்டும் என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

பலர் சொல்லாமல் விடுவது எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து. வாரம் ஒரு மாத்திரை, அல்லது வருடத்துக்கு ஒரு ஊசி என்பதால் நினைவுக்கே வராது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கும் இதே வகை மருந்தை அதிக அளவில் கொடுப்பார்கள். தாடை எலும்பு ஆறுவதை இது தடுக்கலாம். ஆகவே ஒன்று விடாமல் எல்லா மருந்துச் சீட்டையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு வாயின் உட்சதை நார்நாராக இறுகி, வாயே சரியாகத் திறக்காமல் போகலாம். இதை எங்கள் பக்கத்தில் அதிகம் பார்க்கிறேன். அப்படி இருந்தால் பல்லுக்கு முன் அந்தச் சதையைப் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் அது புற்றுநோயாக மாறக்கூடியது.

உடம்பு ஏத்துக்காம தள்ளிட்டா?

கிட்னி மாற்றும்போது உடம்பு எதிர்க்குமே, அந்த மாதிரி இது இல்லை. டைட்டானியத்தை உடம்பு எதிரியாகப் பார்ப்பதில்லை. தோற்றால் அது எலும்பு ஒட்டாததால், அல்லது பின்னால் ஈறில் தொற்று வந்ததால். பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்கின்றன. ஒட்டாமல் போனால் பயங்கரமாக ஒன்றும் நடக்காது. திருகு ஆடும், கழற்றி எடுத்துவிடுவோம். சில மாதம் எலும்பு ஆறியதும் பெரும்பாலும் மறுபடி வைக்கலாம். மனசு சோர்ந்துபோகும், அது உண்மை. அப்படியானால் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்னிக்கு ராத்திரி எப்படி இருக்கும்?

மரப்பு விடும் முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி வந்த பிறகு துரத்துவதைவிட அது சுலபம். துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் கால் மணி நேரம் வைத்து, கால் மணி நேரம் எடுங்கள். இரண்டு தலையணை வைத்துத் தூங்குங்கள். எச்சிலில் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்திருக்கும். துப்பித் துப்பிப் பார்க்க வேண்டாம், துப்பத் துப்ப உறைந்தது கலையும். இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா மட்டும் வேண்டாம்.

குழையப் பிசைந்த தயிர் சாதம், ஆறிய ரவைக் கஞ்சி, ரசத்தில் ஊறிய இட்லி. காரமும் சூடும் இரண்டு நாளைக்கு வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் மெதுவாக உருட்டித் துப்பலாம்.

மூன்றாம் நாள் கன்னம் முதல் நாளைவிட வீங்கியிருக்கும். "என்னமோ ஆகிப்போச்சு" என்று போன் வருவது அன்றைக்குத்தான். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்குவது வழக்கம். நான்காம் நாளுக்குப் பிறகும் வீக்கமோ வலியோ ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், சீழ் தெரிந்தால், அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால் உடனே வாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் பல் கிளினிக்குக்கு அல்ல, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

பல்லு மாட்டுற வரைக்கும் பொக்கை வாயா?

எலும்பு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். முன்பல் என்றால் அதுவரை தற்காலிகப் பல் கொடுப்போம். கல்யாண வீட்டுக்கு வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க முடியாம போகுமா?

எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பக்கத்துப் படம் மட்டும் கொஞ்சம் கலங்கலாம், ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். இம்ப்ளான்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை வாங்கி, ஆதார் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவை நினைச்சாதான் பயம்.

நியாயமான பயம். தமிழ்நாட்டில் ஒரு பல்லுக்கு 25 ஆயிரம் ரூபாயிலிருந்து 50 ஆயிரம் வரை சாதாரணமாகக் கேட்கிறார்கள். ஸ்கேன், எலும்பு குறைவாக இருந்தால் நிரப்பும் எலும்புப் பொடி, மேலே வரும் கேப் எல்லாம் அதில் அடங்குமா என்று கேளுங்கள். "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். எலும்பு ஒரு வாரத்தில் ஓடிவிடாது. பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவாக இருக்கும்; சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். நேரம் அதிகமாகும், பலமுறை அலைய வேண்டியிருக்கும்.

சின்ன வயசுல பட்ட பயம் டாக்டர். வெளியில சொல்லவே வெட்கமா இருக்கு.

ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் அவர் வலது கை தானாகச் சேரின் கைப்பிடியைப் பிடித்தது. விரல் கணு வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடி. நான் கருவியைக்கூட எடுக்கவில்லை. கேட்டால், எட்டு வயதில் நான்கு பேர் பிடித்துக்கொள்ள மரத்துப்போகாமலே பல்லைப் பிடுங்கினார்களாம். நாற்பது வருடத்துக்குப் பிறகும் கை அதை மறக்கவில்லை. அன்று பேசினோம், அவ்வளவுதான். இரண்டாம் முறை பல்லைச் சுத்தம் மட்டும் செய்தோம். நான்காம் முறைதான் இம்ப்ளான்ட்.

சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோமே, பயமும் அதே வரிசையில் எழுத வேண்டிய விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன். பயத்தை அளக்கவே ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, தமிழிலும் இருக்கிறது. 5-லிருந்து 25 வரை மதிப்பெண். 19-ம் அதற்கு மேலும் வந்தால் பயம் மிக அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். தெரிந்தால் நேரம் கூடுதலாக ஒதுக்குவேன், காலை முதல் ஆளாக வரச் சொல்வேன், ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்வேன். தெரியாவிட்டால் எல்லோருக்கும் போலத்தான் செய்வேன், அது உங்களுக்குப் போதாது. நீங்கள் சொல்லும்போது எந்த மருத்துவராவது சிரித்தால், வேறு மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் கேட்டும் பயம் போகலை. வேண்டாம்னு சொல்லலாமா?

தாராளமாக. பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் இருக்கிறது, கழற்றி மாட்டும் செட் இருக்கிறது. இரண்டிலும் குறைகள் உண்டு, ஆனால் சாப்பிடலாம், சிரிக்கலாம். முடிவை இன்றே எடுக்க வேண்டியதும் இல்லை. ரொம்ப வருடம் தள்ளினால் அந்த இடத்து எலும்பு கரையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் மூன்று முறை வந்து, மூன்று முறையும் "வேண்டாம்ப்பா" என்று போனார். நான்காம் முறை, மேஜை மேல் இருந்த மாதிரித் திருகை உள்ளங்கையில் வைத்துக் காட்டச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனூண்டுதானா?" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, நாட்காட்டியில் அமாவாசை, அஷ்டமி, நவமி எல்லாம் தள்ளி, ஒரு புதன்கிழமைக் காலையைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.